நோயாளி குற்றவாளியல்லன்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலே, செம்மண் தோட்டங்களும் ஆழ்ந்த கிணறுகளும் பனை வேலிகளும் சூழ அமைந்தது அளவெட்டி. கும்பழாவளைப் பிள்ளையார் கோயிலும், நாதசுரத்திலும் தவிலிலும் புகழ் நாட்டிய கலைஞர் பரம்பரையும் அவ்வூரின் பெயரை ஈழமெங்கும் பரப்பின. ஆயினும், அளவெட்டிக்கும் அதனைச் சூழ்ந்த தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம் முதலிய ஊர்களுக்கும் இன்னொரு முகமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதி முதல், மிசன் பாடசாலைகளிலும் சைவப் பாடசாலைகளிலும் கற்றுத் தேறிய இளைஞர்கள் லிகிதர்களாகவும் ஆசிரியர்களாகவும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தர்களாகவும் ஊரைவிட்டுப் புறப்பட்டனர். 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை கொழும்புடன் முழுமையாக இணைந்தபின் அப்பயணம் எளிதாயிற்று. வேறு சிலர் கடல் கடந்து மலாயாவுக்குச் சென்றனர். அக்காலத்திலே யாழ்ப்பாணத்தில் வழங்கிய ஒரு பழமொழி இன்றும் வழக்கொழிந்துவிடவில்லை: "கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்க வேண்டும்."

இப்பழமொழியைக் கேட்டு நகைப்போர் பலர். உத்தியோக மோகம் என்றும், அடிமை மனப்பான்மை என்றும் அதனை இகழ்ந்தோரும் உளர். ஆனால், அம்மொழியின் அடியிலே ஒரு கடுங்கணக்கு மறைந்து கிடக்கிறது. தோட்டக்காரன் காய்ச்சலில் விழுந்தால், அயலவனோ மைத்துனனோ துலா மிதித்துப் பயிருக்குத் தண்ணீர் இறைத்துவிடுவான். வாத்தியக்காரர் ஒருவர் நோயுற்றால், அவர் கூட்டத்தைச் சேர்ந்த இன்னொருவர் அன்றைய திருவிழாவுக்குச் சென்று வருவார். இவையெல்லாம் உறவும் ஊரும் தாங்கிக்கொண்ட சுமைகள். பிறனிடம் கூலிக்கு வேலை செய்தவனுக்கோ அந்தத் தாங்கல் இல்லை. பத்து நாள் படுத்தால் பத்து நாட் கூலி போயிற்று. பதினோராம் நாள் எழுந்து சென்றால், அவனிடத்தில் இன்னொருவன் நிற்பான். அரசாங்க உத்தியோகத்தனுக்கு மாத்திரமே வைத்தியர் சான்றிதழின்பேரில் லீவும், உடல் முற்றாகத் தளர்ந்தால் மருத்துவச் சபையின் முன் தோன்றி ஓய்வூதியத்துடன் விலகும் வழியும் இருந்தன. ஆகவே, கோழி மேய்ப்பதைப் பற்றியதன்று அப்பழமொழி. நோயைப் பற்றியது என்றே கூறலாம்.

நோயினால் வேலைக்கு வராதிருத்தல் ஒரு குற்றமா? அதற்காக ஒருவனைத் தண்டிக்கலாமா? இன்றைய செவிக்கு இவை விடை வெளிப்படையான வினாக்களாகத் தோன்றும். ஆனால் இவற்றுக்கு, "குற்றமன்று, தண்டிக்கலாகாது" என்ற விடையைச் சட்டம் சொல்வதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது. அவ்விடையும் இன்னும் முழுமையடையவில்லை.

பிரித்தானியர் தம் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுக்குக் கொண்டுவந்த பழைய தொழிற் சட்டத்தின் பெயரே அதன் குணத்தைக் காட்டும். எசமானும் வேலைக்காரனும் பற்றிய சட்டம் என்பது அதன் பெயர். இலங்கையில் 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டமும் அவ்வழியில் வந்தவை. வேலைக்காரன் தகுந்த காரணமின்றி வேலைக்கு வராவிட்டாலோ, சொற்கேளாவிட்டாலோ, முன்னறிவித்தலின்றி விலகினாலோ அது வெறும் ஒப்பந்த மீறலாகக் கருதப்படவில்லை. நீதவான் முன் நிறுத்தப்படவேண்டிய குற்றமாகவே கருதப்பட்டது. கூலியை இழப்பதுடன் மூன்று மாதம் வரை மறியற் சாலையில் இருக்கவும் நேரிடலாம்.  இங்கிலாந்து தன் சொந்த மண்ணில் 1875இல் இத்தகைய தண்டனைகளை ஒழித்துவிட்டது. குடியேற்ற நாடுகளில் அவை பல பத்தாண்டுகள் நிலைத்தன.

அச்சட்டம் நோயாளியை முற்றாக மறந்துவிட்டது என்று கூறுவது நேர்மையாகாது. வேலை செய்யுங் காலத்தில் நோயுற்ற வேலைக்காரனுக்கு இடமும் உணவும் வைத்தியமும் எசமான் செலவிலே அளிக்கப்படவேண்டும் என்று 1865ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆனால், வேலை செய்ய இயலாத அந்நாட்களுக்குக் கூலி இல்லை என்றும் அதே சட்டம் விதித்தது. வண்டி மாடு நோயுற்றால் அதற்குத் தீனியும் மருந்தும் கொடுப்பது உடையவனின் கடமையல்லவா? அந்தக் கடமையின் எல்லையிலேயே சட்டம் நின்றுகொண்டது. நோயாளியின் உடலைப் பேணினால் போதும். அவன் பெண்சாதி பிள்ளைகள் அந்த நாட்களில் எதை உண்பார்கள் என்பது சட்டத்தின் கவலையன்று.

இச்சட்டத்தின் பாரம் மிகக் கடுமையாக அழுத்தியது மலைநாட்டுத் தோட்டங்களிலே. தமிழகத்தின் வரண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த மக்கள், மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து கோப்பித் தோட்டங்களையும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களையும் அடைந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரை விழுங்கின. தோட்டத்தை அடைந்தபின் அவர்கள் வாழ்வு ஒரு பேரேட்டினுள் அடங்கியது. அதற்குச் செக்குரோல் என்று பெயர். காலையிற் பிரட்டுக் களத்தில் நின்றவனுக்குப் பேர் விழும். பிந்தி வந்தவனுக்கும், உடல் நலிவினால் நாள் முழுதும் வேலை செய்ய முடியாதவனுக்கும், குறித்த அளவு கொழுந்து பறிக்காதவளுக்கும் அரைப்பேரே விழும். அரைப்பேர் என்றால் அரை நாட் கூலி. படுத்தவனுக்குப் பேரே இல்லை. கங்காணியிடம் பட்ட முற்பணக் கடனோ நோயாளிக்கும் சுகதேகிக்கும் ஒன்றுபோல வளர்ந்தது.

தொழிலாளரின் சாவுத் தொகை மிகுந்ததனால் எழுந்த கண்டனங்கள் அரசாங்கத்தை அசைத்தன. 1872இல் தோட்டப் பகுதிகளுக்கான மருத்துவத் தேவைக் கட்டளைச் சட்டம் பிறந்தது. பின் பல திருத்தங்கள் வந்தன. 1912இல் அது புதிதாக இயற்றப்பட்டது. மாவட்ட வைத்தியசாலைகளும் தோட்ட மருந்துச் சாலைகளும் எழுந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற இளைஞர் பலர் தோட்டங்களிலே கணக்கப்பிள்ளைமாராகவும் மருந்து கொடுப்போராகவும் பணியாற்றினர். அளவெட்டியைப் போன்ற ஊர்களிலிருந்து மலைநாடு சென்றவன் செக்குரோலை எழுதும் பக்கத்தில் இருந்தான். இராமநாதபுரத்திலிருந்தோ திருச்சிராப்பள்ளியிலிருந்தோ வந்தவன் எழுதப்படும் பக்கத்தில் இருந்தான். இருவரும் பேசிய மொழி ஒன்றே. நோய் வந்தபோது இருவருக்கும் கிடைத்த நீதியோ வெவ்வேறு. இதனை நினைவிற் கொள்வது யாழ்ப்பாணத்தாருக்குப் பெருமை தருவதன்று. எனினும் வரலாற்றுக்கு அது தேவை.

1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் ஏற்பாடுகளும் அக்காலத்தையொட்டிக் களையப்பட்டன. 1927இல் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. கோ. நடேசய்யரைப் போன்றோர் பத்திரிகையாலும் தொழிற்சங்கத்தாலும் தோட்ட மக்களின் குறைகளை அரங்கேற்றினர். வேலைக்கு வராதவன் இனிமேற் கைதியல்லன். ஆனால் அவன் கூலியும் வேலையும் முன்போலவே துரையின் கையில் இருந்தன. குற்றவியற் சட்டம் விலகிய இடத்திலே, வேலைத்தலத்து ஒழுக்காற்று விதிகள் வந்து அமர்ந்துகொண்டன. நீதவான் விதித்த மறியலுக்குப் பதிலாக, முதலாளி விதிக்கும் எச்சரிக்கையும் தண்டப்பணமும் பதவி நீக்கமும் வந்தன.

இதே காலத்தில் மேனாடுகளிலே வேறொரு கருத்து வளர்ந்துகொண்டிருந்தது. 1883இல் செருமனியில் பிசுமார்க்கு கொண்டுவந்த நோய்க் காப்புறுதிச் சட்டம், தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து ஒரு நிதிக்குப் பணம் செலுத்த வேண்டுமென விதித்தது. மூன்றிலிரண்டு பங்கு தொழிலாளியுடையது. மூன்றிலொரு பங்கு முதலாளியுடையது. நோயுற்றவன் பதின்மூன்று வாரம் வரை அந்நிதியிலிருந்து பாதிக் கூலி பெற்றான். 1911இல் பிரித்தானியாவும் அவ்வழி சென்றது. தொழிலாளி நான்கு பென்சும், முதலாளி மூன்று பென்சும், அரசாங்கம் இரண்டு பென்சும் வாரந்தோறும் செலுத்தின. நோயுற்ற ஆண் தொழிலாளிக்கு வாரம் பத்துச் சிலிங்கு கிடைத்தது. 1919இற் பிறந்த சர்வதேசத் தொழில் தாபனம், 1927இல் நோய்க் காப்புறுதி பற்றி இரு சமவாயங்களை நிறைவேற்றிற்று. நோய் என்பது தனியொருவனின் தவறன்று. மழை பொய்ப்பது போல எவருக்கும் நேரக்கூடிய இடர். அதனைப் பலரும் பகிர்ந்து தாங்கவேண்டும் என்பதே இவற்றின் உட்பொருள்.

இலங்கைக்கு அந்த உண்மையை 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளை நோய் கசப்பாகக் கற்பித்தது. ஏறத்தாழ 80,000 உயிர்களை அது சில மாதங்களுக்குள் கவர்ந்தது. முழுக் கிராமங்களே நடுங்கிப் படுத்தபோது, வேலைக்கு வராதவனைச் சோம்பேறி என்று எவர் கூறமுடியும்? யாழ்ப்பாணத்திலேயும் நோயைப் பகிர்ந்து தாங்கும் முயற்சிகள் முளைத்தன. அளவெட்டிக்கு மேற்கே மூளாயில் 1930களிலே எழுந்த கூட்டுறவு வைத்தியசாலை, பொதுமக்கள் தம் பங்குப் பணத்தினால் தமக்கே ஒரு வைத்தியசாலையை நடத்தலாம் என்பதற்குச் சான்றாயிற்று. ஆனால், வைத்தியத்தைப் பகிர்வது ஒன்று. வேலையைக் காப்பது மற்றொன்று. இரண்டாவதைச் சட்டமே செய்யவேண்டியிருந்தது.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையினால் உண்டான காயத்துக்கும் குறித்த சில தொழில் நோய்களுக்கும் ஈடு வழங்கியது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கப் பிரசவ சகாயக் கட்டளைச் சட்டம் அதனினும் ஒரு படி மேற் சென்றது. பிரசவத்தை முன்னிட்டு வேலைக்கு வராதிருக்கும் பெண்ணுக்கு, அந்த வராத காலத்தில் வேலைநீக்க அறிவித்தல் கொடுத்தல் சட்ட விரோதம் என்று அது விதித்தது. "வராதிருந்தாள்; ஆயினும் தவறு செய்யவில்லை" என்று சட்டம் முதன்முதலாகத் தெளிவுபடக் கூறிய இடம் அதுவே எனலாம். நோயாளியின் காப்புக்கு வழி திறந்தவள் தாய்.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம், ஓராண்டு சேவை முடித்த ஊழியனுக்குப் பதினான்கு நாள் ஆண்டு விடுமுறையும், அதன் மேலாகச் சொந்த அலுவல், சுகவீனம், வேறு தகுந்த காரணம் ஆகியவற்றுக்காக ஏழு நாள் சம்பளத்துடன் கூடிய லீவும் வழங்கியது. முதலாண்டில் இருப்பவனுக்கு, முடிந்த ஒவ்வோர் இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள். கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளிலும் யாழ்ப்பாணப் பெரிய கடைத் தெருவிலும், விடியற்காலை முதல் இரவு வரை நின்ற சிப்பந்திகளுக்கு அந்த ஏழு நாட்கள் அரிய பேறாயின. கடை முதலாளியின் கருணையால் அன்று, சட்டத்தின் பெயரால் ஒரு சிப்பந்தி காய்ச்சலில் படுக்க முடிந்தது.

ஏழு நாட்களுக்குமேல் நோய் நீடித்தால் என்ன செய்வது? இங்கே பாக்கு நீரிணைக்கு அப்பால் நிகழ்ந்ததை நோக்குதல் வேண்டும். இந்தியாவிலே பேராசிரியர் பி. பி. அடார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு, 1948இல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் நிறைவேறிற்று. 1952ஆம் ஆண்டு பெப்ரவரியிலே கான்பூரில் பிரதமர் நேரு அத்திட்டத்தைத் தொடக்கிவைத்தார். தமிழ்நாட்டுக்கு அது 1955இல், ஆலைகள் நிறைந்த கோயம்புத்தூரிலே வந்து சேர்ந்தது. நோயுற்ற தொழிலாளி தொடக்கத்தில் ஆண்டுக்கு 56 நாள்வரை உதவித்தொகை பெற்றான். பின்னர் அது 91 நாளாக உயர்ந்தது.

அச்சட்டத்தின் 73ஆம் பிரிவே இவ்வரலாற்றின் நடுமணி. நோய்க்கால உதவித்தொகை பெறும் காலத்தில் ஒரு தொழிலாளியை வேலை நீக்கவோ, பதவி குறைக்கவோ, வேறெவ்வகையிலேனும் தண்டிக்கவோ கூடாது. அக்காலத்திற் கொடுக்கப்படும் நீக்க அறிவித்தல் செல்லாது என்று அப்பிரிவு ஓங்கி உரைத்தது. 1950ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிகள் அக்காப்புக்கு ஒரு கால எல்லையை வைத்தன. பொதுவான நோயெனில் தொடர்ந்து ஆறு மாதம் கழிந்தபின்னரும், காசம், புற்று முதலிய நீடித்த நோயெனிற் பதினெட்டு மாதம் கழிந்தபின்னருமே முதலாளி உரிய அறிவித்தலுடன் விலக்கலாம். நோயாளி அதுவரை குற்றவாளியல்லன் என்பது மாத்திரமன்று. அவன் மீளும் வரை அவனுடைய இடம் காத்திருக்கவேண்டும் என்பதும் இப்போது சட்டமாயிற்று.

இந்த உறுதிமொழியின் வலிமை சென்னைப் பெரம்பூரிலே சோதிக்கப்பட்டது. பக்கிங்காம் கர்னாடிக் ஆலை தமிழர் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்ற ஆலை. 1918ஆம் ஆண்டு ஏப்ரலில் திரு. வி. கலியாணசுந்தரனாரும் பி. பி. வாடியாவும் முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அவ்வாலைத் தொழிலாளரிடையே. 1957ஆம் ஆண்டு சனவரியிலே, பொங்கலையொட்டி விடுமுறையில் ஊர் சென்ற தொழிலாளி ஒருவர் குறித்த நாளில் வேலைக்குத் திரும்பவில்லை. மார்ச்சு மாதத்தில், தாம் நோயுற்றிருந்ததாக வைத்தியச் சான்றிதழுடன் வந்தார். ஆலை அவரை ஏற்கவில்லை. ஆலையின் நிலையாணை ஒன்று, லீவின்றித் தொடர்ந்து எட்டு வேலை நாள் வராதிருப்பவர் தாமாகவே வேலையைவிட்டு விலகியவராகக் கருதப்படுவார் எனக் கூறிற்று. முகாமைக்குத் திருப்தியான விளக்கம் அளித்தாலே அந்நாட்கள் கூலியற்ற லீவாக மாற்றப்படும்.

வழக்கு படிப்படியாக ஏறி, 1963இல் உச்ச நீதிமன்றத்திலே முடிவடைந்தது. 73ஆம் பிரிவு முதலாளி செய்யும் தண்டனையைத் தடுக்கிறது; இங்கே முதலாளி எவரையும் தண்டிக்கவில்லை; நிலையாணையின்படி ஒப்பந்தம் தானாகவே முடிந்துவிட்டது என்று நீதிமன்றம் கருதிற்று. தொழிலாளி தோற்றார். சட்டத்தின் பெருங்கதவு மூடியிருந்தபோது பக்கத்துச் சிறு வாயில் திறந்து கிடந்தது. "உன்னை நீக்கவில்லை, நீயே போய்விட்டாய்" என்ற ஒரு சொல்லால், நோயாளிக்கு அளிக்கப்பட்ட காப்பைக் கடந்து செல்ல முடிந்தது.

அவ்வாயிலை அடைக்க முப்பது ஆண்டுகள் சென்றன. 1993இல், டி. கே. யாதவ் என்னும் தொழிலாளியின் வழக்கிலே அதே உச்ச நீதிமன்றம், இத்தகைய தானியங்கி விதிகளினுள்ளும் இயற்கை நீதி உறைகின்றது என்றது. விளக்கம் கூற வாய்ப்பளிக்காது ஒருவன் பெயரை ஏட்டிலிருந்து வெட்டுதல் அவன் பிழைப்பை வெட்டுதலாகும்; பிழைப்புரிமை உயிருரிமையின் ஒரு பகுதி என்று அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. 1948ஆம் ஆண்டின் ஈட்டுறுதிச் சட்டம் பின்னர் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பினுள் அடக்கப்பட்டது.

இலங்கை வேறொரு வழியாக அதே இடத்தை நோக்கி நடந்தது. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் 1957இல் திருத்தப்பட்டபோது தொழில் நியாய சபைகள் தோன்றின. அதுவரை சங்கத்தின் பலத்தாலேயே முதலாளியை எதிர்க்க முடிந்தது. இப்போது, வேலை நீக்கப்பட்ட தனியொருவன் தானே சபைக்கு விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தத்தில் எவ்வாறு எழுதப்பட்டிருந்தாலும், நீதியும் ஒப்புரவும் எனத் தோன்றும் கட்டளையைச் சபை வழங்கலாம். இவ்வதிகாரம் நோயாளிக்கு மிகப் பெருந்துணை. ஏனெனில் நியாயமானது எது என்னும் வினாவிலே, ஒருவன் ஏன் வரவில்லை என்ற வினாவும் தானே அடங்கிவிடுகிறது.

வேலையைக் கைவிட்டான் என்ற வாதத்துக்கும் இந்நாட்டு நீதிமன்றங்கள் தெளிவான விடை கண்டன. 1996ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையிற் பதிவான அரச பொறியியற் கூட்டுத்தாபன வழக்கிலே, பதவியைக் கைவிடுதல் என்பதற்கு இரண்டு கூறுகள் வேண்டும் எனப்பட்டது. ஒன்று, வேலைத்தலத்துக்கு வராதிருத்தல். மற்றொன்று, வேலையைத் துறந்துவிடும் எண்ணம். உடல் வராதது மாத்திரம் போதாது, உள்ளமும் விலகியிருக்கவேண்டும். பாயில் கிடப்பவனின் உடல்தான் வேலைக்கு வரவில்லை. அவன் மனமோ, எப்போது எழுந்து போவேன் என்று வேலைத்தலத்தையே சுற்றிக்கொண்டிருக்கும். பெரம்பூர்த் தொழிலாளிக்கு மறுக்கப்பட்டது இந்த வேறுபாடே.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தற் சட்டம் இன்னொரு காவலை அமைத்தது. பதினைந்து பேருக்குக் குறையாத தொழிலாளரைக் கொண்ட தாபனம், குறித்த காலச் சேவை முடித்தவனை, அவனது எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன்னனுமதியோ இன்றி விலக்கலாகாது. ஆனால் ஒழுக்காற்றுத் தண்டனையாக விலக்குவதற்கு இவ்வனுமதி தேவையில்லை. இங்கேதான் கூர்ந்து நோக்கவேண்டிய ஓர் இடம் உண்டு. "நீ நோயாளி, ஆகவே போ" என்று சொல்வதற்கு முதலாளி ஆணையாளரின் வாசலிலே நிற்கவேண்டும். "நீ சொல்லாமல் நின்றாய், ஆகவே போ" என்று சொல்வதற்கு நிற்க வேண்டியதில்லை. எனவே நோயை ஒழுக்கக் கேடாக மாற்றி எழுதும் தூண்டுதல் சட்டத்தின் அமைப்பிலேயே கிடக்கிறது. நோயாளியைக் காக்கும் முயற்சியின் பெரும்பகுதி, இந்த ஒரு மாற்றெழுத்தைத் தடுப்பதிலேயே அடங்கும்.

முதலாளி பக்கத்து நியாயத்தையும் எடுத்துக் கூறவேண்டும். இரண்டு சிப்பந்திகளுடன் கடை நடத்துபவனுக்கு ஒருவன் மாதக்கணக்கிற் படுத்துவிட்டால், அது அவனுக்கும் இடரே. விலைக்கு வாங்கிய சான்றிதழ்களும், திருவிழாக் காலத்தில் மாத்திரம் வரும் காய்ச்சல்களும் உலகில் இல்லாமலில்லை. பொய்யனை ஒறுக்கும் உரிமை முதலாளிக்கு இருக்கவேண்டும். ஆனால், பொய்யன் ஒறுக்கப்படுவது பொய்க்காக, நோய்க்காக அன்று. விசாரணை வேண்டும் என்று சட்டம் வற்புறுத்துவது இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கே. சுமையைத் தனி முதலாளி தலையில் ஏற்றாது பொது நிதியில் ஏற்றிய நாடுகளில், இந்த ஐயுறவும் பெரிதும் தணிந்தது.

அளவெட்டிக்குச் சில மைல் தொலைவிலே, காங்கேசன்துறையில் 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. தோட்டம் செய்த குடும்பங்களிலிருந்தும் பலர் அங்கே சங்கொலி கேட்டு வேலைக்குச் செல்லலாயினர். 1990இல் போரினால் அது நின்றுபோகும் வரை, நாற்பது ஆண்டுகள் அப்பகுதி மக்களுக்குத் தொழிற்சாலை வாழ்வின் ஒழுங்குகளை அறிமுகஞ் செய்தது அதுவே. கிணற்றடியில் அயலவன் இறைத்துவிட்ட தண்ணீர்போல, ஆலையில் ஒருவன் முறைவேலையை இன்னொருவன் செய்து கணக்கைச் சரிக்கட்ட முடியாது. அங்கே லீவுக் கடிதமும் வைத்தியர் சான்றும் வேண்டும். ஊர் தாங்கிய சுமையைச் சட்டம் தாங்கவேண்டிய காலம் அளவெட்டிக்கும் வந்துவிட்டது.

அதே கரையோரத்தில், மயிலிட்டிப் பகுதியிலே காசநோயாளருக்கான வைத்தியசாலை ஒன்றும் இருந்தது. ஒரு தலைமுறைக்கு முன்வரை காசம் என்றால் வேலைக்கும் உறவுக்கும் முடிவு என்றே பொருள். மருத்துவம் அப்பொருளை மாற்றிற்று. 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்தாய்வு நிலையம், வீட்டிலிருந்தே மருந்துண்ணும் நோயாளி, சனிடோரியத்தில் படுத்த நோயாளிக்கு ஏறக்குறைய நிகராகக் குணமடைகிறான் என்பதை 1959இல் உலகுக்குக் காட்டியது. மருந்தால் மீளக்கூடியவனை வேலையால் அழிப்பது எவ்வகை நீதி? பதினெட்டு மாதக் காப்பு என்ற இந்திய விதி, மருத்துவத்தின் கால அளவைச் சட்டம் கற்றுக்கொண்டதன் அடையாளம்.

யாழ்ப்பாணத்தார் பலர் உழைத்த மலாயாவிலும் 1955ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம் நோய்க்கால லீவை எழுதிவைத்தது. இன்று மலேசியாவில் சேவைக் காலத்துக்கேற்ப 14, 18, 22 நாட்களும், வைத்தியசாலையிற் படுப்போருக்கு 60 நாட்களும் உண்டு. ஆயினும் அச்சட்டம் ஒரு நிபந்தனை விதிக்கிறது. நோயுற்றவன் 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்கு அறிவிக்கவேண்டும். அறிவிக்கத் தவறினால், அனுமதியின்றி வராதவனாகவே கருதப்படுவான். பெரம்பூர் வழக்கும் இதே பாடத்தையே கற்பிக்கிறது. நோய் ஒருவனைக் குற்றவாளியாக்குவதில்லை. மௌனம் அவனை அவ்வாறு தோன்றச் செய்துவிடும். உடல் இயலாதபோதும் உறவினன் கையாலேனும் ஒரு கடிதத்தை அனுப்பி, அதன் பிரதியை வைத்துக்கொள்ளுதல், மருந்தின் முதல் வேளையைப் போலவே இன்றியமையாதது.

1982இல் சர்வதேசத் தொழில் தாபனம் தன் 158ஆம் இலக்கச் சமவாயத்திலே, நோயினாலோ காயத்தினாலோ தற்காலிகமாக வேலைக்கு வராதிருத்தல், வேலை நீக்கத்துக்குத் தகுந்த காரணமாகாது என்று ஒரே வாக்கியத்திற் கூறிவிட்டது. அந்த ஒரு வாக்கியத்துக்கு 1865ஆம் ஆண்டின் மறியற் சாலையும், அரைப்பேரும், பெரம்பூர்த் தோல்வியும் பின்புலமாக நிற்கின்றன.

இலங்கையில் 1951 முதல் அரசாங்க வைத்தியசாலைகளில் வைத்தியம் இலவசம். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதி, நிரந்தரமாக உழைப்பிழந்தவன் தன் சேமிப்பைப் பெற வழி செய்கிறது. ஆனால் நோய்க்காலக் கூலி இன்னும் பெரும்பாலும் தனி முதலாளியின் பொறுப்பாகவே உள்ளது. கடைச் சட்டத்தின் ஏழு நாட்களும் எல்லாத் தொழிலாளருக்கும் பொதுவாக எழுதப்பட்டவையல்ல. வீட்டு வேலை செய்யும் பெண் அச்சட்டத்துக்கு வெளியே நிற்கிறாள். செம்மண் தோட்டத்தில் நாட் கூலிக்கு வெங்காயம் கிண்டுபவளுக்கு லீவுக் கடிதம் கொடுக்க அலுவலகமும் இல்லை. மறுநாள் அவளை அழைக்காது விட்டால், அதனை வேலை நீக்கம் என்று சொல்லும் ஏடும் இல்லை. அவள் பெயர் வெட்டப்படுவதில்லை. ஏனெனில் அது எங்கும் எழுதப்படவேயில்லை.

அரைப்பேர் விழுந்த தோட்டத் தொழிலாளிக்காவது, ஏட்டில் ஒரு பேர் இருந்தது. நூற்றைம்பது ஆண்டுச் சட்ட வரலாறு அந்த ஏட்டிலிருந்தே தொடங்கியது. இன்னும் எழுதப்படாத பெயர்களை எழுதிக்கொள்வதே அவ்வரலாற்றின் அடுத்த பணி.